ஈரல் ரிப்போர்ட்டில் எண் ஏறினால்: மூட்டுவாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு

முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று வரும். காட்பாடியிலோ ஆற்காட்டிலோ காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. எஸ்.ஜி.பி.டி. என்ற வரியில் 78 என்று தடித்த எழுத்து, பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு. டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி சில வீடுகளில் "ஈரலே போயிடுச்சு" என்று பயந்து மூட்டு மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் "போறப்போ காட்டிக்கலாம்" என்று தாளை மடித்து ஃபைலில் வைத்துவிட்டு, அதே மாத்திரையை அதே அளவில் தொடர்கிறார்கள். இரண்டுமே கெடுதல்.

அந்த 78 எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் அடுத்த வேலை. மூட்டு மாத்திரை காரணமாக இருக்கலாம். ஆனால் அதே எண்ணை ஏற்றிவிடக்கூடிய வேறு ஏழெட்டுப் பொருள்கள் நம் வீட்டு அலமாரியிலும் சமையலறையிலும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிய விவரம் டாக்டர் கையில் இல்லை, சாப்பிடுகிறவரிடம்தான் இருக்கிறது. அதைத் திரட்டிக்கொண்டு போகிறவருக்கு நல்ல வைத்தியம் கிடைக்கிறது. சரவாங்கி என்றும் சொல்லும் இந்த முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலோர் சாப்பிடுவது மெத்தோட்ரெக்சேட் என்பதால் அதை வைத்தே பேசுகிறேன். மற்றவை இடையிடையே வரும்.

முதலில் காத்திருக்கக் கூடாத நிலைமைகள். கண்ணின் வெள்ளை மஞ்சளாகிறது, சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது, வாந்தி நிற்கவில்லை, வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது, ஈறில் ரத்தம் கசிகிறது, ஆள் குழம்பிப் பேசுகிறார் அல்லது எழுப்பினாலும் எழவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ சி.எம்.சி.யோ, எது பக்கமோ அதன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவருக்கு வாய் முழுக்கப் புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சு வாங்குதல் வந்தாலும் அதே அவசரம்தான். அது ஈரல் கோளாறாக இல்லாமல் எலும்பு மஜ்ஜையோ நுரையீரலோ பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். இந்த அறிகுறிகளோடு அடுத்த வார டோஸைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சல்ஃபாசலசின் என்ற வேறு மூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்த மருந்தே சிறுநீரை ஆரஞ்சு மஞ்சளாக்கும். சிலருக்குத் தோலும் லேசாக அப்படித் தெரியும். பகல் வெளிச்சத்தில் கண்ணைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்து, வேறு தொந்தரவும் இல்லை என்றால் அநேகமாக மருந்தின் நிறம்தான். ஆனால் அந்த மருந்தை ஆரம்பித்த முதல் மூன்று மாதத்துக்குள் காய்ச்சலும் தோலில் தடிப்பும் சேர்ந்து வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். ஈரலையும் அது தாக்கும். உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த அறிகுறிகள் ஏதும் இல்லாமல் தாளில் எண் மட்டும் ஏறியிருக்கிறது என்றால் நிதானமாகப் படிக்கலாம். எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் ஈரல் செல்லுக்குள் இருக்கும் நொதிகள். செல் நோகும்போது ரத்தத்தில் கசியும். எவ்வளவு ஏறியது என்பதை அந்தப் பரிசோதனைக் கூடத்தின் மேல் வரம்போடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஓரிடத்தில் அது 40, இன்னோரிடத்தில் 35, வேறோரிடத்தில் 55 என்று அச்சடித்திருப்பார்கள். அதனால் முடிந்தவரை ஒரே இடத்தில் ரத்தம் கொடுங்கள். மேல் வரம்பு 40 என்றால் 80 இரண்டு மடங்கு, 120 மூன்று மடங்கு.

மெத்தோட்ரெக்சேட்டைப் பொறுத்தவரை மூட்டுநோய் மருத்துவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வழி இதுதான். இரண்டு மடங்குக்குள் இருந்தால் காரணத்தைத் தேடுவார்கள், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள், மருந்து பெரும்பாலும் தொடரும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் என்றால் டோஸைக் குறைப்பார்கள், அல்லது ஒரு வாரம் விடச் சொல்வார்கள். மூன்று மடங்கைத் தாண்டி, மறுபரிசோதனையிலும் அப்படியே இருந்தால் மருந்தை நிறுத்துவார்கள். எண் இறங்கிய பிறகு குறைந்த அளவில் மறுபடி ஆரம்பிக்கலாம். வீட்டில் நினைவு வைத்துக்கொள்ள ஒரே எண் வேண்டுமானால் 100. எஸ்.ஜி.பி.டி.யோ எஸ்.ஜி.ஓ.டி.யோ 100ஐத் தாண்டினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல், அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். நொதி மூன்று மடங்கைத் தாண்டி, கூடவே பிலிருபினும் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தால் அது வேறு கதை. ஈரல் தன் வேலையையே செய்ய முடியாமல் திணறுகிறது என்று பொருள். அன்றைக்கே போக வேண்டும்.

தாளில் மற்ற வரிகளும் இருக்கின்றன. ஏ.எல்.பி. என்ற நொதி மட்டும் ஏறியிருந்தால் அது எலும்பிலிருந்தும் வரலாம். வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு ஏறும், முடக்குவாதம் தீவிரமாக இருக்கும் நாட்களிலும் ஏறும். ஜி.ஜி.டி. என்ற இன்னொரு ஈரல் நொதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஈரலா எலும்பா என்று தெரியும். நொதிகள் சரியாக இருந்து இன்டைரக்ட் பிலிருபின் மட்டும் வருஷக்கணக்காக 1.5, 2 என்று நிற்பவர்கள் பலருக்கு அது பிறவியிலேயே அமைந்த கெடுதலற்ற கில்பர்ட் தன்மை. பட்டினி கிடந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். எல்லாரும் எஸ்.ஜி.பி.டி.யையே முறைத்துப் பார்க்கிறார்கள். என் கருத்தில் அதைவிட அக்கறையாகப் பார்க்க வேண்டியது ஆல்புமினும் (ஈரல் தயாரிக்கும் புரதம்) தட்டணுக்களும் (பிளேட்லெட்). அவை மாதாமாதம் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால், எஸ்.ஜி.பி.டி. 45 என்று நல்ல பிள்ளையாக இருந்தாலும் ஈரலில் தழும்பு விழுகிறதா என்று தேட வேண்டும்.

இப்போது தேடலுக்கு வருவோம். முதல் கேள்வி: ரத்தம் எந்தக் கிழமை எடுத்தது?

மெத்தோட்ரெக்சேட் போட்ட ஓரிரு நாளுக்கு ஈரல் நொதிகள் சிலருக்குச் சற்றே ஏறி, பிறகு தானாக இறங்கும். ஞாயிறு ராத்திரி மாத்திரை போட்டுவிட்டுத் திங்கள் காலையில் ரத்தம் கொடுத்தால் அந்த மேட்டைத்தான் அளக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் வெள்ளி அல்லது சனியில் கொடுப்பது நல்லது. குடியாத்தத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ வேலூருக்கு வந்து ஒரே நாளில் டாக்டர், ரத்தம் எல்லாம் முடிக்கிறவர்களுக்கு இது கைகூடாது. அவர்கள் ஊரிலேயே இரண்டு நாள் முன்பாக ரத்தம் கொடுத்துத் தாளோடு வரலாம், அல்லது டாக்டரிடம் சொல்லி மாத்திரைக் கிழமையையே மாற்றிக்கொள்ளலாம்.

எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் இருக்கிறது. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தால், பழக்கமில்லாத உடம்புக்கு அதுவே எண்ணை ஏற்றலாம். இடுப்பில் போட்ட ஊசி, கீழே விழுந்த அடி, கொழுப்புக்குச் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். எஸ்.ஜி.பி.டி.யைவிட எஸ்.ஜி.ஓ.டி. அதிகமாக இருந்து தொடை, தோள் வலியும் இருந்தால் தசை நோவைக் காட்டும் சி.பி.கே. பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். தாளின் அடியில் "ஹீமோலைஸ்டு" என்று சிறிய எழுத்தில் இருந்தால் ரத்தம் எடுக்கும்போதே அணுக்கள் உடைந்துவிட்டன என்று பொருள். அந்த எஸ்.ஜி.ஓ.டி.யை நம்பாமல் மறுபடி கொடுங்கள்.

இரண்டாவது கேள்வி: மெத்தோட்ரெக்சேட்டைச் சரியாகத்தான் சாப்பிடுகிறோமா? இது வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிடும் மருந்து. நம் வீடுகளில் நடக்கும் மிக ஆபத்தான பிசகு இதில்தான். ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்சேட். ஃபோல்வைட் என்பது அதன் கெடுதலைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட். பெயர் ஒன்றுபோல ஒலிக்கிறது, இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரை. ஃபோல்வைட்டைத் தினமும் சாப்பிடச் சொன்ன இடத்தில் மற்றதைத் தினமும் சாப்பிட்டுவிட்டால், ஒரு வாரத்துக்குள் வாயெல்லாம் வெந்து, ரத்த அணுக்கள் விழுந்து, உயிருக்கே ஆபத்து வந்துவிடும். அப்படி இரண்டு மூன்று நாள் தவறிப் போட்டுவிட்டது தெரிந்தால், தொந்தரவு ஏதும் இல்லாவிட்டாலும் அட்டையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். லூக்கோவோரின் என்ற முறிவு மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

தடுக்கும் வழி எளிது. அட்டையின் மேல் மார்க்கரால் "ஞாயிறு மட்டும்" என்று எழுதுங்கள். மற்ற மாத்திரைகள் இருக்கும் டப்பாவில் இதைப் போடாதீர்கள், தனி டப்பா வேண்டும். எப்போதும் ஒரே வலிமையுள்ள மாத்திரையே வாங்குங்கள். 15 மில்லிகிராம் வேண்டியவர் 2.5 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு போட்டுப் பழகியிருக்கிறார் என்று வையுங்கள். மெடிக்கலில் 2.5 இல்லையென்று 10 மில்லிகிராம் அட்டை கொடுத்தால், அதே ஆறு இப்போது 60 மில்லிகிராம். அட்டை மாறியிருந்தால் வாங்கும்போதே கேளுங்கள்: "அண்ணா, இது எத்தனை எம்.ஜி.? வாரத்துக்கு எத்தனை போடணும்னு அட்டையிலேயே எழுதிக் கொடுங்க." கண் மங்கிய பெரியவர்கள் வீட்டில் மகனோ மருமகளோ அந்த ஒரு நாள் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பதே சரி.

ஃபோலிக் ஆசிட் வாரத்துக்குக் குறைந்தது 5 மில்லிகிராம், மெத்தோட்ரெக்சேட் போடாத நாளில். சில மருத்துவர்கள் வாரம் இரண்டு நாள் என்பார்கள், சிலர் அந்த ஒருநாளை விட்டு மற்ற நாளெல்லாம் என்பார்கள். சத்து மாத்திரைதானே என்று பலர் முதலில் விடுவது இதைத்தான். ஃபோலிக் ஆசிட் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல் நொதி ஏறுவது தெளிவாகவே குறைகிறது. எண் ஏறியதும் டாக்டர் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, வலிக்காகக் கூடுதலாகப் போட்டவை. மெடிக்கலில் "உடம்பு வலி, ஒரு செட் கொடுங்க" என்றால் உதிரியாக நான்கைந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். பெயர் தெரியாது, அட்டை இருக்காது. அந்தச் செட்டில் டைக்ளோஃபெனாக்கோ நிமசுலைடோ இருக்கலாம். இரண்டும் ஈரலைச் சீண்டும் என்று நன்றாகத் தெரிந்தவை. நிமசுலைடை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011லேயே இந்தியாவில் தடை செய்தார்கள். பாராசிட்டமால் தனியாக, அளவாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் அது பல பெயர்களில் உள்ளே நுழையும். டோலோ 650 நாளைக்கு மூன்று என்றால் 1950 மில்லிகிராம். கூடவே ஜீரோடால் எஸ்.பி. என்ற வலி மாத்திரை காலையும் ராத்திரியும் என்றால் அதில் தலா 325. மொத்தம் 2600. மேலே சளிக்கு ஒரு மாத்திரை போட்டால் அதிலும் பாராசிட்டமால். ஈரல் எண் ஏறியிருக்கும்போது, கொழுப்பு ஈரல் இருந்தாலோ குடிப்பழக்கம் இருந்தாலோ, 2000க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. உங்களுக்கான எல்லையை டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். செட் மாத்திரையை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள்.

சிறுநீர்க் கடுப்புக்குக் கொடுக்கும் செப்ட்ரான், பாக்ட்ரிம் வகையும் மெத்தோட்ரெக்சேட்டும் சேரவே கூடாது. அது ஈரலைவிட ரத்த அணுக்களுக்கு ஆபத்து. எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் "வாரம் ஒருதரம் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், பல் டாக்டரானாலும் சரி.

நான்காவது, நாட்டு மருந்து. இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம், திட்டுவாரோ என்று. கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். பல தடவை விடையே இதில்தான் இருக்கும். சீந்தில் கொடிக் கஷாயம் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்தது. அதைத் தொடர்ந்து குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை 2021 முதல் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதிலும் முடக்குவாதம், தைராய்டு போல உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவர்களுக்கு அது கூடாதது, ஏனென்றால் நாம் அடக்கி வைக்கப் பார்க்கும் எதிர்ப்பு சக்தியையே அது தூண்டுகிறது. அமுக்கராவுக்கும், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூலுக்கும் இதே மாதிரி ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சள் தூளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

இவற்றைவிட மோசம், லேபிள் இல்லாத "வாதப் பொடி". பத்தே நாளில் கை விரல் மடங்குகிறது, வீக்கம் வடிகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். ஈயம் போன்ற உலோகங்களும் இருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் அதைத் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுதல் வரும். பொட்டலத்தை டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி விட வேண்டும். கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்து எண்ணை இறக்கிவிட்டுப் பிறகு டாக்டரைப் பார்க்கலாம் என்பதும் வேண்டாம். எண் இறங்கினால் எதனால் இறங்கியது என்று தெரியாது, இறங்காவிட்டால் அத்தனை வாரமும் வீண்.

ஐந்தாவது கொழுப்பு ஈரல். மெத்தோட்ரெக்சேட்டால்தான் ஈரல் கெட்டது என்று முன்பு எண்ணிய பல பேருக்கு உண்மையில் உடல் பருமனும் சர்க்கரையும் மதுவும்தான் பெரிய காரணம் என்று இப்போது மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஒரு டேப்பை எடுத்துத் தொப்புள் உயரத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் கொழுப்பு ஈரலுக்கு வாய்ப்பு அதிகம். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு கரையத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். 70 கிலோ உள்ளவருக்கு அது 5 முதல் 7 கிலோ. ஆறு மாதத்தில் மெல்லக் குறைத்தால் போதும், பட்டினி வேண்டாம்.

நம் பக்கத்துச் சாப்பாட்டில் எண்ணெயை மட்டும் குறை சொல்லிவிட்டுச் சர்க்கரையையும் வெள்ளைச் சோற்றையும் மறந்துவிடுகிறோம். நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் தினம் 40 கிராம் அதிலேயே போகிறது. டீயில் சர்க்கரையை நிறுத்துவதுதான் முதல் படி. மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று ஓடுவதில் ஒரு வேளையைக் கீரைக் குழம்போடு கேழ்வரகுக் களியாக மாற்றலாம், அளவு ஓர் உருண்டை. ஆம்பூர் பிரியாணியை அடியோடு விடச் சொல்லவில்லை. மாதத்தில் ஒருநாள், அரை பிளேட், கூடக் குளிர்பானம் இல்லாமல். காப்பி ஈரலுக்கு நல்லது என்று ஆய்வுகள் சொல்கின்றன, சர்க்கரை இல்லாமல் குடித்தால். மூட்டு வலியில் நடக்க முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே கால் நீட்டி மடக்குவது, சுவரைப் பிடித்து எழுந்து உட்காருவது என்று ஆரம்பிக்கலாம். தசைக்கு வேலை கொடுப்பது ஈரல் கொழுப்பு குறைய உதவும்.

மது. ஒரு குவாட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம் என்றால் சுத்தமான ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். பிரிட்டனில் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் முடக்குவாத நோயாளிகளைப் பெரிய அளவில் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவில், வாரத்துக்கு 112 கிராமுக்குள் குடித்தவர்களுக்கு ஈரல் எண் ஏறும் ஆபத்து கூடவில்லை. வாரம் முழுக்கச் சேர்த்து இரண்டு குவாட்டர்கூட அந்த எல்லைக்குள் வராது. அதுவும் ஈரல் நன்றாக இருப்பவர்களுக்கான கணக்கு. எண் ஏற்கெனவே ஏறியவருக்கு எல்லை பூஜ்யம். வீட்டுப் பெண்கள் முன்னால் டாக்டரிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால் இரண்டு நிமிஷம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், எல்லா டாக்டரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை மருந்து ஆரம்பிக்கும் முன்பே செய்திருக்க வேண்டும். உங்கள் ஃபைலில் அந்தத் தாள் இல்லையென்றால் இப்போது கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஒளிந்திருக்கும் பி வைரஸ் எதிர்ப்பு சக்தி குறைந்ததும் மறுபடி கிளம்பும். பயாலஜிக்ஸ் எனப்படும் உயிரியல் ஊசிகளுக்கு மாறும்போது இது இன்னும் முக்கியம். மறைந்த காசநோய்க்காக ஐ.என்.எச். மாத்திரை சேர்த்திருந்தால் அதுவும் ஈரல் எண்ணை ஏற்றும். இரண்டும் சேர்ந்த மாதங்களில் பரிசோதனை அடிக்கடி வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல், ஷூ தொழிலில் இருப்பவர்கள் என்ன வேலை என்பதையும் சொல்லுங்கள். செயற்கைத் தோல் பூச்சில் பயன்படும் டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பான் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் போய் ஈரலைக் கெடுக்கும்.

பருவத்தையும் பாருங்கள். மழைக்குப் பிறகு நம் மாவட்டங்களில் டெங்குவும் ஸ்க்ரப் டைஃபஸும் வரும், இரண்டும் ஈரல் நொதியை நன்றாகவே ஏற்றும். காய்ச்சலோடு எண் ஏறியிருந்தால் மூட்டு மாத்திரை மேல் மட்டும் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழே சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று உடை மாற்றும்போது தேடுங்கள். அது ஸ்க்ரப் டைஃபஸ் பூச்சிக் கடி. வலிக்காது என்பதால் கண்ணில் படாமல் போய்விடும். சரியான ஆன்டிபயாடிக் நேரத்தில் கொடுத்தால் குணமாகிற நோய், தாமதித்தால் உயிரை எடுக்கிற நோய். கத்திரி வெயிலில் வேறு கவலை. வேலூர் வெயிலில் தண்ணீர் குறைந்து, வாந்தி பேதியும் சேர்ந்தால் சிறுநீரகம் மெத்தோட்ரெக்சேட்டை வெளியேற்றாது, மருந்து உடம்பிலேயே தேங்கும். பேதி நிற்காத வாரத்தில் டோஸை விட்டுவிட்டு டாக்டரைக் கேளுங்கள். ஈரல் தாளில் கிரியாட்டினின் வரியையும் ஒரு கண் பார்ப்பது இதற்காகத்தான்.

லெஃப்ளுனமைடு என்ற மூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அது நிறுத்தினாலும் உடனே போகாது. இரண்டு வருஷம் வரைகூட ரத்தத்தில் தங்கும். எண் மூன்று மடங்கைத் தாண்டினால் மாத்திரையை நிறுத்துவதோடு, உடம்பிலிருந்து கழுவி எடுக்கக் கொலஸ்டிரமின் தூள் கொடுப்பார்கள், 8 கிராம் நாளைக்கு மூன்று வேளை, 11 நாள். மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்ளுனமைடும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல் எண் ஏற வாய்ப்பு அதிகம் என்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

இதையெல்லாம் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தேதி, மெத்தோட்ரெக்சேட் டோஸ், எந்தக் கிழமை, ரத்தம் கொடுத்த கிழமை, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஆல்புமின், தட்டணு, கிரியாட்டினின், எடை. பக்கத்தில் அந்த மாதம் கூடுதலாகச் சாப்பிட்ட எல்லாம். ஐந்தாறு வரி சேர்ந்தாலே ஏறுமுகமா இறங்குமுகமா என்று டாக்டருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். தனித்தனி ரிப்போர்ட்டுகளைப் புரட்டுவதில் அவருடைய பத்து நிமிஷமும் போய்விடுவதுதான் வழக்கம்.

எண் பல மாதம் ஏறியே நின்றால் தழும்பு இருக்கிறதா என்று அடுத்துப் பார்ப்பார்கள். ஃபிப்-4 என்ற கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். தட்டணுவை ஆயிரத்தில் எடுத்து (2.5 லட்சம் என்றால் 250), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 52 வயது, எஸ்.ஜி.ஓ.டி. 60, எஸ்.ஜி.பி.டி. 78, தட்டணு 2.5 லட்சம் என்றால் 3120ஐ ஏறத்தாழ 2208ஆல் வகுக்க 1.41 வரும். 1.3க்குக் கீழே என்றால் தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. விடை 2.67க்கு மேலே என்றால் ஈரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். அது அல்ட்ராசவுண்டு போலவே வலியில்லாதது, மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும், 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் நிம்மதி. காய்ச்சலிலோ எண் திடீரென நூற்றுக்கணக்கில் ஏறிய வாரத்திலோ இந்த இரண்டையும் செய்யாதீர்கள், பொய்யாக அதிகம் காட்டும்.

மருந்தை நிறுத்தச் சொன்னால் எதை என்று தெளிவாகக் கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினாலும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற இன்னொரு மூட்டு மாத்திரை பெரும்பாலும் தொடரும், ஈரலை அது தொந்தரவு செய்வது அரிது. மாதக்கணக்கில் சாப்பிடும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை நீங்களாக ஒரே நாளில் விடக் கூடாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டவர்களுக்குச் சில வாரத்தில் வீக்கம் திரும்பும். வலி தாங்காமல் செட் மாத்திரைக்குப் போவார்கள், ஈரல் இன்னும் நோகும். அந்த இடைவெளியில் வலிக்கு எதை, எவ்வளவு போடலாம் என்பதை நிறுத்தும் அன்றே எழுதி வாங்கிக்கொண்டால் இந்தச் சுழலில் மாட்டமாட்டீர்கள்.

எண் இறங்கியதும் பழைய டோஸுக்கே நேராகத் திரும்பக் கூடாது. 15 மில்லிகிராம் சாப்பிட்டவருக்கு 7.5 அல்லது 10இல் ஆரம்பித்து, இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ரத்தம் பார்த்து, சரியாக இருந்தால் 2.5 ஏற்றி, மறுபடி பார்ப்பார்கள். மூன்று மாதம் நிலையாக இருந்த பிறகு இடைவெளி எட்டு முதல் பன்னிரண்டு வாரமாக நீளும். இந்த ஏற்றத்தில் எந்தப் படியில் எண் மறுபடி தாண்டுகிறது என்பதைக் குறித்து வையுங்கள். 10இல் அமைதியாக இருந்து 12.5இல் தாண்டினால், 10லேயே நிறுத்தி, மிச்ச வேலைக்குச் சல்ஃபாசலசினோ வேறு மருந்தோ சேர்க்கலாமா என்று டாக்டர் முடிவு செய்ய அந்தக் குறிப்பே போதும்.